பதினோரு நாள் இருந்த புற்று

நான் தவறு செய்திருக்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சுக்குள் இருக்க முடியும் என்று ஐம்பத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆட்டோ தில்லைநகர் குறுக்குத் தெருவிலிருந்து பெரிய ரோட்டில் ஏறுகிறது, மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஸ்லைடு பெட்டி, அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன், ஒவ்வொரு குழிக்கும் உள்ளே கண்ணாடி கிணுங்குகிறது. கொஞ்சம் சீக்கிரம் போங்க என்று மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன். டிரைவர் முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். "ஆஸ்பத்திரியில யாரும் சீரியஸா மேடம்?" இல்லை, சீரியஸ் இல்லை, சீரியஸ் இல்லை என்று சொல்லத்தான் போகிறேன் என்கிறேன், அவருக்கு அது புரிவதற்கு வழியே இல்லை, இருந்தாலும் தலையை ஆட்டுகிறார். "நீங்க டாக்டரா?" ஆமாம். "எதுக்கு டாக்டர்?" இந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருடமாக ஒழுங்கான பதில் இல்லை. உடம்பில் கட்டி வந்தால் அதில் கொஞ்சம் சதையை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள், அதை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுத்தால் நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதிக் கொடுப்பேன். "அப்ப நோயாளிய பாக்க மாட்டீங்க." பார்க்க மாட்டேன். ஒரு முகம்கூடப் பார்த்ததில்லை. எண்தான். இன்றைக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. தவமணி, நாற்பத்தாறு வயது, லால்குடி. அவ்வளவுதான் எனக்கு அவளைப் பற்றித் தெரியும், அதோடு அவளுடைய வலது மார்புக்குள் ஒரு ஊசி முனை அளவு இடம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

எட்டு மணி பத்து நிமிடம். சுபைதா டிரேயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது மணி எட்டு பத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. சுபைதா எங்கள் லேபில் சாயம் ஏற்றுகிறவள், பதினாலு வருடமாக இருக்கிறாள், அவள் விரல் நகமெல்லாம் ஊதா. "நாப்பத்தேழோட ஸ்பெஷல் சாயம் வந்துருச்சு மேடம், மருந்து லேட்டா வந்ததால இப்பதான் போட்டேன்" என்றாள். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. முடிந்த கேஸ் அது. பதினோரு நாளுக்கு முன்பே நான் பெயர் வைத்துவிட்ட கேஸ். சின்னச் சின்னச் சுரப்பிகள், கோணல் கோணலாக, கொழுப்புக்குள் ஊடுருவிப் போகிற மாதிரி. நல்ல சுரப்பி என்றால் அதைச் சுற்றி இன்னொரு வரிசை செல்கள் இருக்கும், வீட்டைச் சுற்றி வேலி போட்ட மாதிரி. புற்றுக்கு வேலி கிடையாது. அன்றைக்கு நான் வேலியைத் தேடினேன், இல்லை, புற்று என்று எழுதினேன். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் பரஞ்சோதி போன் செய்தார். "மேடம், அந்த ஸ்பெஷல் சாயம் வரட்டும்னு காத்திருக்கலாமா?" அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது, வர பத்து நாள் ஆகும். நான் சொன்னேன், வேண்டாம் சார், படம் தெளிவா இருக்கு, நாள் வைங்க. படம் தெளிவா இருக்கு. என் வாயால் சொன்னேன். காபி குடித்துக்கொண்டே சொன்னேன். இன்று காலை அதே இடத்தைக் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்தால், ஒவ்வொரு சுரப்பியைச் சுற்றியும் பழுப்பாக, பென்சிலால் கோடு இழுத்த மாதிரி, வேலி. ஒன்று விடாமல் வேலி. நசுங்கி மெலிந்துபோய் சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த வேலி. அது புற்றே இல்லை. மார்பில் சில பெண்களுக்கு வரும் ஒரு தழும்பு மாதிரியான சமாச்சாரம், ஒன்றும் செய்யாது, புற்றைப் போல வேஷம் போடும், பாடப்புத்தகத்தில் எச்சரிக்கையே இருக்கிறது, நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நொடி, வெட்கம் வருவதற்கும் முன்னால், சிரிப்பு வந்தது. சுபைதா பயந்துவிட்டாள். "என்ன மேடம்?" அவளுக்குப் புற்று இல்ல சுபைதா, அவளுக்கு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் தேதியைப் பார்த்தேன். இன்றைக்குத்தான் ஆபரேஷன். மார்பை முழுக்க எடுக்கிற ஆபரேஷன். பரஞ்சோதி போன் ஆஃப். ஆஸ்பத்திரிக்குப் போட்டால் வரவேற்பில் இருக்கும் பெண் தியேட்டருக்கு மாற்றினாள், ஒரு நர்ஸ் எடுத்தாள். "சார் முதல் கேஸ்ல இருக்காங்க, தவமணி அம்மா ரெண்டாவது. இப்ப ரெடி பண்ற ரூம்ல இருக்காங்க." நிறுத்துங்கள், அவருக்குப் புற்று இல்லை என்றேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். "உங்க ரிப்போர்ட்ல இருக்குன்னு இருக்கே மேடம்." அது தப்பும்மா. "எழுத்துல வேணும் மேடம், நான் வாயால சொல்லி நிறுத்த முடியாது. சார் வெளில வந்ததும் சொல்றேன்." சொல்வாளா? சொல்வாள். சொல்ல மறக்கலாம். ஷிஃப்ட் மாறலாம். அவளும் மனுஷிதானே, நேற்றுவரை நான் என்னை மட்டும் எதில் சேர்த்திருந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்லைடு பெட்டியை எடுத்துக்கொண்டு, கழற்றிய செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன், இடது காலில் சுபைதாவின் செருப்பு. இப்போதுதான் பார்க்கிறேன்.

எது என்னை விடாமல் குடைகிறது என்றால், அந்தப் பதினோரு நாளும் அந்தத் தப்பு எனக்கு ஒரு இடத்திலும் உறுத்தவே இல்லை என்பதுதான். பல் இடுக்கில் ஒரு நார் மாட்டினாலே நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். ஒரு பெண்ணின் உயிரைப் பற்றி முழுப் பொய்யை எழுதி வைத்திருக்கிறேன், தூக்கம் கெடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தேன், கோபப்பட்டேன் சாமி, பொறாமைப்பட்டேன் சாமி என்று சில்லறையெல்லாம் சொன்னேன், இது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் இது எனக்குச் சரியாக இருந்தது. சரியும் தப்பும் உள்ளே இருக்கும்போது ஒரே மாதிரித்தான் இருக்கின்றன, ஒரே கனம், ஒரே சூடு. அப்படியென்றால் இந்த நிமிடம் எனக்குச் சரி என்று பட்டுக்கொண்டிருக்கிற மற்றதெல்லாம்? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. போகிறது மனசு. பதினோரு நாள் அந்தப் புற்று இருந்தது. அவள் மார்பில் இல்லை, என் வாக்கியத்தில் இருந்தது. வாக்கியத்தில் இருந்தே அது எவ்வளவு வேலை செய்திருக்கும். அவள் வீட்டில் யார் யார் அழுதார்கள், யாருக்குப் போன் செய்தாள், எந்தப் புடவையை எடுத்து யாருக்குக் கொடுத்தாள், கண்ணாடி முன்னால் எத்தனை நேரம் நின்றாள். உண்மையான புற்றுக்கூட இவ்வளவு வேகமாகப் பரவாது.

தென்னூர் மேம்பாலத்தில் ஏறிப் பாதியில் ஆட்டோ நின்றுவிட்டது. மேலே ஒரு டவுன் பஸ் பிரேக்டவுன், ஒரு பக்கம் வண்டிகள் கட்டிக்கொண்டு நிற்கின்றன, எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றாக வருகிறது. எட்டு நாற்பத்தைந்து. கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் போகிறது, பெட்டி பெட்டியாக, இரண்டு சரக்கு லாரிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் எனக்குத் தெரிவது ஒரு ஜன்னல் அகலம்தான், ஒரு கை, ஒரு மஞ்சள் துணி, ஒரு குழந்தையின் உச்சந்தலை, முடிந்தது. ரயில் எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று அந்தச் சந்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் சொல்ல முடியுமா? நான் சொல்லுவேன். அதுதான் என் தொழில். ஒரு முழுப் பெண்ணில் ஒரு மார்பு, மார்பில் ஒரு கட்டி, கட்டியில் ஊசி நுழைந்து எடுத்த நூல் மாதிரி ஒரு துண்டு, அந்தத் துண்டில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சீவல், அந்தச் சீவலில் வட்டமாக ஒரு வெளிச்சத்துக்குள் வருகிற இடம். அதைப் பார்த்து அவள் இத்தனை வருடம் இருப்பாள் இருக்கமாட்டாள் என்கிறேன். கடவுளுக்கு மைக்ராஸ்கோப் தேவைப்படாது, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்கிறார்கள், அப்படித் தெரிந்தால் தப்பு செய்ய இடமே இல்லை. எங்களுக்குச் சீவல்தான். ஆயுசும் சீவல்தான், எங்கேயோ ஆரம்பித்ததை நடுவில் வந்து பார்த்து முடிவதற்குள் போய்விடுகிறோம். அப்படி இருக்கிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால், நான் இதுவரை பார்த்ததில், என்று சேர்க்க வேண்டும். நான் சேர்ப்பதை எப்போது நிறுத்தினேன்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு ஸ்லைடையும் நாலு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருந்த பழைய நான், அந்த ஜெசிந்தா, எந்த வருடத்தில் எழுந்து போனாள்? ஒரு நாளைக்கு நாற்பது ஸ்லைடு. இருபத்திரண்டு வருடம். பெருக்காதே. நூற்றுக்கு ஒன்று தப்பு என்று வைத்தால்கூட, பெருக்காதே ஜெசிந்தா, அவர்களெல்லாம் எங்கே, வேலி இருந்தும் வெட்டப்பட்டவர்கள், வேலி இல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், எல்லாரும் எண்களாக எங்கோ அலமாரியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பி வந்து கதவைத் தட்டவில்லை, தட்டாததை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

எண்கள். திடுக்கென்று இன்னொன்று. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு, ஆயிரத்து நூற்று எழுபத்துநான்கு. இரண்டும் மார்பு. இரண்டையும் ஒன்றாகத்தான் சாயத்துக்குப் போட்டது. சுபைதா மாற்றி ஒட்டியிருந்தால்? அந்தப் பழுப்பு வேலி வேறு ஒருத்தியுடைய வேலியாக இருந்தால்? அப்படியானால் நான் இப்போது ஓடிக்கொண்டிருப்பது நிஜமான புற்றோடு இருக்கும் ஒருத்தியை மேஜையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புவதற்கு. போன் போட்டேன். "சுபைதா, நாப்பத்தேழும் எழுபத்துநாலும் மாறியிருக்குமா?" "இல்ல மேடம், எழுபத்துநாலு இன்னும் மிஷின்லயே இருக்கு, நான் எடுக்கவே இல்ல." பார்த்துச் சொல்லு. "பாத்துத்தான் மேடம் சொல்றேன்." மறுபடி போய்ப் பாரு, போனைக் கையில வச்சுக்கிட்டே போ. அவள் நடக்கிற சத்தம், மூடியைத் திறக்கிற சத்தம். "எழுபத்துநாலு இங்கதான் இருக்கு. நாப்பத்தேழோட சதைய வச்ச மெழுகுக் கட்டையும் இந்தா என் கையில இருக்கு, நீங்க கொண்டுபோன ஸ்லைடுல இருக்கற துண்டு மாதிரியே வளைஞ்சு, கொக்கி மாதிரி இருக்கு." நான் பெட்டியைத் திறந்து ஸ்லைடை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். சின்ன ஊதா நூல், நுனியில் கொக்கி மாதிரி வளைவு. எத்தனையோ வருடம் ஆயிற்று ஒரு ஸ்லைடை வெறும் கண்ணால் பார்த்து. "மேடம், என் செருப்பு போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள் சுபைதா. நான் சிரித்தேன், டிரைவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

இந்தச் சிரிப்பு அமலனுக்குப் பிடிக்கும். இவ்வளவு நேரம் நினைவுக்கு வராமல் இருந்ததே ஆச்சரியம், வந்துவிட்டான். என் கணவன். போய் ஆறு வருடம். சனிக்கிழமை மத்தியானம், நாலு மணி இருக்கும், ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவன், ஜெசி, நெஞ்சைக் கரிக்குது என்றான். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி என்றேன். இடது தோளும் ஒரு மாதிரி இருக்கு என்றான். தலையணை சரியில்லாமல் படுத்திருப்பீங்க என்றேன், ரோஸ் கலரில் ஒரு வயிற்று மருந்து உண்டே, அதை இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய் ரிப்போர்ட் திருத்தினேன். நாற்பது நிமிடம். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வாயு என்பது அவ்வளவு தெளிவாக இருந்தது. படம் தெளிவா இருக்கு. வெளியே வந்தபோது பேப்பர் கீழே விழுந்திருந்தது. அந்தத் தப்புக்கு எந்தச் சாயமும் போட முடியவில்லை. போய் நிறுத்துங்கள் என்று சொல்ல எந்தத் தியேட்டரும் இல்லை. அதன் பிறகு ஆறு வருடமாக நான் தப்பு என்ற சொல்லையே அந்த ஒரு மத்தியானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், வேறு எதற்கும் அதைத் தொடவில்லை, எனக்கு ஒரு தப்புதான், அது அங்கே நடந்துவிட்டது, இனி நான் தப்பு செய்ய மாட்டேன், அதற்கான விலையைக் கொடுத்தாயிற்று என்று உள்ளுக்குள் ஒரு முட்டாள் கணக்கு. இன்று காலை அந்தப் பழுப்பு வேலியைப் பார்த்தபோது ஏன் சிரிப்பு வந்தது என்று இப்போது தெரிகிறது. இன்னும் நேரம் இருக்கிற தப்பு. உயிரோடு இருக்கும் தப்பு. போய்ப் பிடித்துவிடலாம் என்கிற தப்பு. எனக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் இறங்கிக்கிறேன் என்றேன். "பாலத்து மேல இறங்கக் கூடாது மேடம்." ரூபாயைக் கையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஓரமாக வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் நடந்தேன், இடது செருப்பு ஒரு அளவு பெரிது, ஒவ்வொரு அடிக்கும் டப்பென்று அடிக்கிறது. மலைக்கோட்டை ஒரு பக்கம் வெயிலில் கரடுமுரடாக நிற்கிறது, எவ்வளவு கோடி வருடமோ, அது எதையும் தப்பாகச் சொன்னதில்லை, எதையும் சொன்னதில்லை. நமக்குத்தான் சொல்லியாக வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாக வேண்டும், கல்யாணத்துக்குச் சம்மதித்தாக வேண்டும், வாயு என்றோ மாரடைப்பு என்றோ ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும், முழுக்கத் தெரியும்வரை காத்திருந்தால் ஆயுசு போய்விடும். நேரம் முடிகிற ஆட்களால்தான் தப்பு செய்ய முடியும். நேரம் முடிகிற ஆட்களுக்குத்தான் திருத்துவதற்கு ஓட வேண்டியும் இருக்கிறது. மலை ஓடாது. நான் ஓடினேன். பாலம் இறங்குமிடத்தில் பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "ஏதும் பிரச்சினையாம்மா?" என்றார், ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன், ஏறுங்க என்றார். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து இருபது வருடம் இருக்கும். காற்று முகத்தில் அடித்தது. மூச்சு வாங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் இதுவே எனக்கு மாரடைப்பாக இருந்தாலும் ஆச்சரியமில்லை, ரிப்போர்ட் கையில் இருக்கிறது, யாராவது எடுத்துப் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன், அதற்கும் சிரிப்பு வந்தது.

இரண்டாம் மாடி. தியேட்டர் வாசலில் டாக்டர் பரஞ்சோதி பச்சை உடையில், முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அவள் மறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மேடம் இது" என்றார், கோபமில்லை, தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார், இன்னும் அரை மணி நேரத்தில் அந்தக் கைதான் வெட்டியிருக்கும். கடிதத்தை வாங்கி நின்றுகொண்டே படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேஷன்ட்கிட்ட நானே சொல்லிடறேன். புதுசா ஒரு டெஸ்ட் வந்துச்சு, அதுல நல்லவிதமா மாறியிருக்குன்னு சொல்லிக்கலாம். அது பொய்யும் இல்லையே. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல." பொய் இல்லைதான். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பழக்கமான வாக்கியம். நேர்ந்துவிட்டது, மாறிவிட்டது, தெரியவந்தது, நம் பாஷையில் எவ்வளவு வசதியாக ஆள் இல்லாமலே எல்லாம் நடந்துகொள்கிறது, மழை பெய்தது மாதிரி தப்பு பெய்துவிட்டுப் போகிறது, யார் நனைந்தார்கள் என்று மட்டும் தெரியும். அமலன் விஷயத்திலும் அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன், கவனிக்கத் தவறிவிட்டது. கவனிக்கத் தவறியது யார்? "நானே சொல்றேன் சார்" என்றேன். "உங்களுக்கு நோயாளிங்ககிட்ட பேசிப் பழக்கமில்ல மேடம்." இல்லை, சார். எங்க இருக்காங்க?

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கட்டிலில் பச்சை கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள் தவமணி. நான் நினைத்து வைத்திருந்தவள் இவள் இல்லை. நான் ஒரு மெலிந்த, பயந்த பெண்ணை நினைத்திருந்தேன். இவள் அகன்ற தோளோடு, கறுத்து, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடியோடு, வெறும் காலைத் தரையில் ஊன்றி, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் கணவர், மடியில் பை. என் காலைத்தான் முதலில் பார்த்தாள், இரண்டு வேறு வேறு செருப்பு. "நான் டாக்டர் ஜெசிந்தா. உங்க சதையை மைக்ராஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதினது நான்தான்" என்றேன். "உங்களுக்குப் புற்றுநோய்னு எழுதினேன். அது தப்பு. உங்களுக்குப் புற்று இல்ல. நான் தப்பாப் பாத்தேன்." அந்த நான் வாயிலிருந்து வெளியே வந்தபோது, இத்தனை வருடம் பூட்டியிருந்த அறையின் கதவு திறந்தால் எப்படிக் காற்று வருமோ அப்படி இருந்தது, உடனே அதற்காக வெட்கப்பட்டேன், காற்று எனக்கு வரவேண்டிய இடமா இது. கணவர் எழுந்தார், உட்கார்ந்தார், "அப்ப ஆபரேஷன்?" என்றார். இல்லை. தவமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினோரு நாளு" என்றாள். ஆமாம். "என் பொண்ணு காலேஜ்லேர்ந்து வந்து எம்பக்கத்துலயே படுத்துக்கிட்டிருக்கா, கையப் புடிச்சிக்கிட்டு. எங்க அக்காகூட ஏழு வருசமா பேச்சில்ல, கூப்புட்டுப் பேசிட்டேன். வச்சிருந்த நகைய எடுத்து இன்னாருக்கு இன்னதுன்னு சொல்லிட்டேன்." குரல் ஏறவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க தப்பாப் பாத்தேன்னு ஒரே வார்த்தையில சொல்றீங்க." ஒரே வார்த்தைதாம்மா இருக்கு எங்கிட்ட. வேற எதைச் சொன்னாலும் அது எனக்காகச் சொல்றதா ஆயிடும்.

அவள் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டாள். "இந்தத் தடவ தப்பாப் பாக்கலன்னு எப்படித் தெரியும்?" பரஞ்சோதி என் பின்னால் தொண்டையைக் கனைத்தார். என் உதட்டில் பதில் தயாராக இருந்தது, படம் தெளிவாக இருக்கிறது என்று, நிஜமாகவே தெளிவாகத்தான் இருந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. அந்த மீதி ஒன்று என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. "தெரியாது" என்றேன். "எனக்கு இப்ப சரின்னு தோணுது. அன்னிக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதனால என்னை மட்டும் நம்பாதீங்க. இந்த ஸ்லைடை இன்னும் ரெண்டு டாக்டர் பார்க்கணும், நான் என்ன சொன்னேன்னு அவங்களுக்குச் சொல்லாமலே குடுக்கப்போறேன். புத்தூர்ல கலைமதின்னு ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்கும் எனக்கும் ஆகாது. எனக்காக ஒரு சொல்லுகூட மாத்திச் சொல்லமாட்டாங்க. முதல்ல அவங்கதான் பார்க்கப் போறாங்க. ரெண்டு பேரும் சொன்னப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க." கணவர் முகம் வாடிவிட்டது, புற்று இல்லை என்ற சொல்லோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். தவமணி முகம் வாடவில்லை. மெதுவாக, எதையோ எடை பார்ப்பது மாதிரி, தலையை ஆட்டினாள். "இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட தெரியாதுன்னு சொல்லல. எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க, எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு" என்றாள். பிறகு திடீரென்று, "மணி என்ன?" என்று கேட்டாள்.

ஒன்பதே முக்கால் என்றார் கணவர். "பதினோரு மணிக்குப் புள்ளைங்களுக்கு மேட்ச்சு." என்னைப் பார்த்துச் சொன்னாள், மற்ற எல்லாருக்கும் அது முன்பே தெரியும் போலிருக்கிறது. "நான் ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். கபடி. மாவட்ட அளவுல செமி ஃபைனலுக்கு எங்க ஸ்கூல் இதுக்கு முன்ன வந்ததே இல்ல. அண்ணா ஸ்டேடியத்துல இன்னிக்கு. கணக்கு டீச்சர கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன், அந்தம்மாவுக்குப் பாடிப் போறது யாரு, தொட்டது யாருன்னு ஒண்ணும் தெரியாது." கையை நர்ஸிடம் நீட்டினாள், மணிக்கட்டில் ஊசி ஏற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "இதக் கழட்டுங்க." நர்ஸ் பரஞ்சோதியைப் பார்த்தாள், பரஞ்சோதி என்னைப் பார்த்தார், நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். "தவமணி, மொத்த ரிசல்ட்டும் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும்" என்று ஆரம்பித்தார் கணவர். "ரெண்டு நாள் கழிச்சு மேட்ச்சு இருக்காதுங்க" என்றாள். பரஞ்சோதி தலையசைத்தார். ஊசி கழன்றது, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கட்டிலிலிருந்து இறங்கி, திரைக்கு அந்தப் பக்கம் போய், மூன்று நிமிடத்தில் சுடிதாரில் வந்தாள், ஷூ கயிறு கட்டாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். கையெடுத்துக் கும்பிடப்போகிறாளோ என்று பயந்தேன், அதை என்னால் தாங்க முடிந்திருக்காது. கும்பிடவில்லை. "உங்கள மன்னிக்கறதா வேணாமான்னு மேட்ச் முடிஞ்சுதான் யோசிப்பேன்" என்றாள், நிதானமாக, மாணவியிடம் சொல்கிற மாதிரி. சரிம்மா என்றேன். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது, பின்னால் கணவர், மெதுவா, மெதுவா தவம், என்று பையோடு ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வெயில் ஏறியிருந்தது. அவர்கள் போன ஆட்டோ ஸ்டேடியம் பக்கம் திரும்பி மறைந்தது. எனக்கும் அந்த மேட்ச்சைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாத நாற்பது நிமிடம், அவள் ஓரத்தில் நின்று கத்துவதை ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு அங்கே இடமில்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தூர் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். கலைமதி ஒரு கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் என்னை, மேடம் நீங்க சொல்றது பழைய கதை, என்றவர், நாலு வருடமாக எதிரில் வந்தாலும் வேறு பக்கம் பார்ப்பவர், அவர் ஸ்லைடை மேஜையில் வைத்து, கண்ணை மைக்ராஸ்கோப்பில் புதைத்து, ஒன்றும் பேசாமல் இருக்கப்போகிற அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தேன். அவர் தலையைத் தூக்கும்போது என்ன சொல்வார்? வேலி இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு ஓரத்தில், நான் பார்க்காத ஓரத்தில், ஒரே ஒரு இடத்தில் இல்லை என்றும் சொல்லலாம். பயமாக இருந்தது, பயம் இருந்த இடத்திலேயே காலையில் என்னை ஓடவைத்த அந்த வேகமும் இருந்தது, இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். எதற்கு ஒதுங்குகிறார்கள் என்று கொஞ்ச தூரம் போன பிறகுதான் தெரிந்தது. செருப்பு இரண்டையும் எங்கேயோ விட்டுவிட்டு, நான் மறுபடியும் தவறாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள, பட்டப்பகலில், நடு ரோட்டோரத்தில், ஓடிக்கொண்டிருந்தேன்.